பார்க்காதவரும் கட்டும் பணம்: அமெரிக்கக் கேபிள் நிறுவனங்களும் விளையாட்டுச் சேனல்களும் ஏன் மோதிக்கொள்கின்றன?

அமெரிக்காவில் கோடை முடிந்து கால்பந்துப் பருவம் தொடங்கும் வேளையில், ஏதாவதொரு கேபிள் அல்லது செயற்கைக்கோள் நிறுவனத்தின் திரையிலிருந்து விளையாட்டுச் சேனல்கள் திடீரென்று காணாமல்போவது அண்மைக் காலத்தில் வாடிக்கையாகிவிட்டது. சேனல் இருந்த இடத்தில் ஓர் அறிவிப்பு மட்டும் தெரியும். விலையை அநியாயமாக ஏற்றக் கேட்கிறார்கள் என்று கேபிள் நிறுவனம் சொல்லும். நியாயமான விலையைத் தர மறுக்கிறார்கள் என்று சேனல் தரப்பு விளம்பரம் கொடுக்கும். இரண்டு தரப்பும் விலையைப் பற்றியே பேசுவதால், இது வெறும் விலைத் தகராறு என்ற எண்ணம் பார்ப்பவருக்கு உண்டாகிறது. கடந்த கால் நூற்றாண்டில் நடந்த பெரிய மோதல்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், உண்மையான சண்டை வேறோர் இடத்தில் நடப்பது தெரியும். ஒரு சேனலுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைவிட, அந்தத் தொகையை எத்தனை வீடுகளிடமிருந்து வாங்குவது, குறிப்பாக அந்தச் சேனலைப் பார்க்கவே பார்க்காத வீடுகளிடமிருந்தும் வாங்கலாமா என்பதே அதன் மையக் கேள்வி.

ஏற்பாட்டின் அடிப்படையை முதலில் சொல்லிவிடலாம். ஒரு சேனல் தன்னைக் காட்டும் நிறுவனத்திடமிருந்து சந்தாதாரர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறது. அந்தச் சேனலை உண்மையில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கும் இந்தக் கட்டணத்துக்கும் தொடர்பில்லை. சேனல் இடம்பெறும் தொகுப்பை எத்தனை வீடுகள் வாங்கியிருக்கின்றன என்பதே கணக்கு. எனவே பெரிய விளையாட்டுச் சேனல்கள் தம் ஒப்பந்தங்களில் குறைந்தபட்சப் பரவல் நிபந்தனை ஒன்றைச் சேர்த்துக்கொள்கின்றன: நிறுவனத்தின் மொத்தச் சந்தாதாரர்களில் குறிப்பிட்ட பெரும் விழுக்காட்டினரிடமாவது சேனல் போய்ச் சேர வேண்டும். இந்த நிபந்தனை இருக்கும்வரை அந்தச் சேனலை விருப்பத் தொகுப்பு ஒன்றுக்கு நகர்த்திவிட்டு, வேண்டுபவர் மட்டும் வாங்கிக்கொள்ளட்டும் என்று கேபிள் நிறுவனம் சொல்ல முடியாது. மாத ரசீதில் இந்த வரி எங்கும் அச்சாவதில்லை என்றாலும் ஒப்பந்தத்தின் உயிர்நாடி அதுதான்.

1979 செப்டம்பர் 7 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து இஎஸ்பிஎன் என்ற விளையாட்டுச் சேனல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, கேபிள் நிறுவனங்களிடமிருந்து இப்படிப்பட்ட கட்டணத்தை எதிர்பார்த்து அது தொடங்கப்படவில்லை. விளம்பர வருவாயே அதன் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய்த்ததும், 1980களின் தொடக்கத்தில் சந்தாதாரர் ஒருவருக்குச் சில சென்ட் என்று வாங்கத் தொடங்கியது. விளம்பரம், சந்தா ஆகிய இரண்டு வருவாய்களைக் கொண்ட அந்த அமைப்பு வானலையில் இலவசமாக ஒளிபரப்பான நிலையங்களுக்கு அப்போது இல்லாத பலத்தை அதற்குத் தந்தது. 1987-இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான என்எஃப்எல்லின் ஆட்டங்கள் அதன் கைக்கு வந்தபின் கட்டணத்தை ஏற்றுவதற்குக் காரணம் தேட வேண்டிய நிலை இல்லாமல்போயிற்று.

1992-ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் இன்னொரு ஆயுதத்தை ஒளிபரப்பாளர்களிடம் கொடுத்தது. வானலைகளில் இலவசமாகக் கிடைக்கும் தொலைக்காட்சி நிலையங்களைக் கேபிளில் காட்டுவதற்கும் இனி அவற்றின் ஒப்புதல் தேவை என்றது அந்தச் சட்டம். அதிபர் ஜார்ஜ் புஷ் அதைத் தடுத்தபோது நாடாளுமன்றம் அவருடைய தடையைத் தள்ளிவிட்டுச் சட்டமாக்கியது. அவர் பதவிக் காலத்தில் அப்படித் தள்ளப்பட்ட ஒரே தடை அதுதான். கேபிள் கட்டணத்தைக் கட்டுப்படுத்தி நுகர்வோரைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்த சட்டம், கட்டணம் உயர்வதற்கான வழி ஒன்றையும் கூடவே திறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஒப்புதலுக்கு அப்போது கேபிள் நிறுவனங்கள் பணம் தர மறுக்கவே, ஏபிசி என்ற இலவச நெட்வொர்க்கின் நிலையங்களையும் இஎஸ்பிஎன்னையும் வைத்திருந்தவர்கள் பணத்துக்குப் பதிலாகப் புதிய சேனல் ஒன்றுக்கு இடம் கேட்டார்கள். 1993 அக்டோபரில் இஎஸ்பிஎன்2 பிறந்தது அப்படித்தான். ஒரு சேனல் வேண்டுமென்றால் இன்னொன்றையும் சேர்த்து வாங்கு என்ற பேரம் அப்போது வேரூன்றியது. 1996-இல் டிஸ்னி ஏபிசியையும், அதன் வழியே இஎஸ்பிஎன்னின் பெரும்பங்கையும் வாங்கியபோது அந்தப் பேரத்தின் எடையும் பெருகியது.

2010களின் இறுதியில் இஎஸ்பிஎன் சேனலுக்கு மட்டும் ஒவ்வொரு வீடும் மாதம் ஏறத்தாழ 9 டாலர் கட்டியதாகத் துறை ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பொழுதுபோக்கு, செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை அதில் சிறு பங்கையே பெற்றன. இந்த 9 டாலரின் தன்மையைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்குப் போதும். நூறு வீடுகளில் ஒவ்வொன்றும் 9 டாலர் கொடுத்தால் 900 டாலர் சேரும். அவற்றில் முப்பது வீடுகளே விளையாட்டைத் தொடர்ந்து பார்க்கின்றன என்று வைத்துக்கொண்டு, அந்த முப்பதிடமிருந்து மட்டும் அதே தொகையைத் திரட்ட வேண்டுமென்றால் வீட்டுக்கு 30 டாலர் கேட்க வேண்டியிருக்கும். ஆக, ரசிகர் தன் விருப்பத்துக்கு ஆகும் செலவில் சிறு பகுதியையே கட்டுகிறார். மீதியை, எந்த அணி எந்த ஊருடையது என்றுகூட அறியாத அண்டை வீட்டார் கட்டுகிறார்கள். சேனல் இந்த ஏற்பாட்டைக் காக்க நினைப்பதும், கேபிள் நிறுவனம் அதிலிருந்து விடுபட நினைப்பதும் இயல்பே.

நியூயார்க்கில் 2002-இல் நடந்த மோதல் இதை முதன்முதலில் எல்லோருக்கும் தெரியும்படி வெளிக்கொண்டுவந்தது. அதுவரை யான்கீஸ் பேஸ்பால் அணியின் ஆட்டங்களை எம்எஸ்ஜி நெட்வொர்க் காட்டிவந்தது. அதன் உரிமையாளர் கேபிள்விஷன் என்ற கேபிள் நிறுவனம். ஒப்பந்தம் முடிந்ததும் யான்கீஸ் தரப்பு யெஸ் என்ற தன் சொந்தச் சேனலைத் தொடங்கி, சந்தாதாரர் ஒருவருக்கு ஏறத்தாழ 2 டாலர் கேட்டது. தொகை கேபிள்விஷனுக்குப் பெரிய சிக்கலாக இருக்கவில்லை. வேண்டுபவர்கள் மட்டும் தனியாகப் பணம் கட்டிப் பார்க்கட்டும் என்றது அந்த நிறுவனம். எல்லோருக்கும் போகும் தொகுப்பில்தான் வைக்க வேண்டும் என்றது யெஸ். அந்தப் பருவம் முழுவதும் ஏறத்தாழ 30 லட்சம் வீடுகளில் யான்கீஸ் ஆட்டங்களில் பெரும்பாலானவை தெரியவில்லை. 2003 மார்ச்சில் நகர மேயரும் மாநிலத் தலைமை வழக்கறிஞரும் நடுவில் நின்று தற்காலிக உடன்பாடு ஒன்றை ஏற்படுத்தினார்கள். பின்னர் நடுவர் குழு ஒன்று, சேனல் விரிவான தொகுப்பில் இடம்பெற வேண்டும் என்று யெஸ் தரப்புக்குச் சாதகமாக முடிவு சொன்னது.

என்எஃப்எல் தொடங்கிய சேனலின் கதையும் இதுவே. 2006 முதல் அது தன் ஆட்டங்கள் சிலவற்றைத் தன் சொந்தச் சேனலிலேயே காட்டத் தொடங்கியது. நாட்டின் மிகப் பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் அந்தச் சேனலைக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டிய விளையாட்டுத் தொகுப்புக்கு மாற்றியபோது வழக்கும் முறையீடும் கிளம்பின. 2009-இல் இருவரும் சமாதானமானபோது, என்எஃப்எல் தன் கட்டண வீதத்தைக் குறைத்துக்கொண்டு, அதற்கு மாற்றாகப் பரந்த தொகுப்பில் இடம் பெற்றதாகச் செய்திகள் வந்தன. குறைந்த விலையை ஒப்புக்கொண்டு அதிக வீடுகளைக் கேட்டது நாட்டிலேயே அதிகப் பேரம் பேசும் வலிமையுள்ள கூட்டமைப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். டைம் வார்னர் கேபிள் 2012 செப்டம்பர் வரை அசையவே இல்லை. இடையில் 2007 டிசம்பரில், நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி தோல்வியே இல்லாமல் பருவத்தை முடிக்கவிருந்த கடைசி ஆட்டம் அந்தச் சேனலில் மட்டுமே வரும் என்ற நிலை உருவானபோது, அரசியல் நெருக்கடி தாங்காமல் இரண்டு இலவச நெட்வொர்க்குகளிலும் அதைச் சேர்த்துக் காட்ட என்எஃப்எல் ஒப்புக்கொண்டது.

இவற்றில் நெடுங்காலம் நீடித்ததும், படிக்கத் தகுந்ததும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் டாட்ஜர்ஸ் அணியைச் சுற்றி நடந்த தகராறு. 2011-இல் திவால் பாதுகாப்புக் கோரிய அந்த அணியை 2012-இல் ஒரு முதலீட்டுக் குழு 215 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் முந்தைய உரிமையாளர் 2004-இல் கொடுத்த விலை 43 கோடி. எட்டே ஆண்டுகளில் விலை ஐந்து மடங்கானதற்குப் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தம் பற்றிய எதிர்பார்ப்பு முக்கியக் காரணம். எதிர்பார்ப்பு வீண்போகவில்லை: 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர் தர டைம் வார்னர் கேபிள் உடன்பட்டது. 2014 பிப்ரவரியில் டாட்ஜர்ஸ் ஆட்டங்களுக்கான ஸ்போர்ட்ஸ்நெட் எல்ஏ என்ற சேனல் தொடங்கியது. அந்தப் பெருந்தொகையைத் தன் சொந்த வாடிக்கையாளர்களிடமிருந்து மட்டும் டைம் வார்னரால் மீட்க முடியாது. எனவே போட்டி நிறுவனங்களும் தம் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்காகவும் மாதம் 4 டாலருக்கு மேல் தர வேண்டும் என்று கேட்டது. செயற்கைக்கோள் நிறுவனமான டைரக்டிவி உள்ளிட்ட பிற நிறுவனங்கள் மறுத்தன.

மறுத்தவர்களின் கணக்கு எப்படி இருந்திருக்கும்? கற்பனையாக, ஒரு நிறுவனத்துக்கு அந்த வட்டாரத்தில் 10 லட்சம் சந்தாதாரர்கள் என்று கொள்வோம். மாதம் 4 டாலர் வீதம் சேனலுக்கு 40 லட்சம் டாலர் போகும். ஒரு வாடிக்கையாளரால் கிடைக்கும் மாத ஆதாயம் 40 டாலர் என்றால், சேனலை மறுத்ததற்காக ஒரு லட்சம் பேர் விலகிப் போனாலும் நிறுவனத்துக்கு நட்டமில்லை. அதற்குக் குறைவாக விலகினால் மறுப்பதே இலாபம். எத்தனை பேர் விலகுவார்கள் என்பது, விலகுபவருக்குப் போக வேறு இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சேனலைத் தரும் போட்டியாளர் பக்கத்தில் இல்லையென்றால் கோபித்துக்கொண்டு யாரும் எங்கும் போக முடியாது. 2016 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை தொடுத்த வழக்கு சரியாக இந்தப் புள்ளியைத்தான் தொட்டது: காக்ஸ், சார்ட்டர், ஏடி அண்ட் டி ஆகிய போட்டி நிறுவனங்களுடன் டைரக்டிவி இரகசியமாகத் தகவல் பகிர்ந்துகொண்டு, சேனலை யாரும் எடுத்துவிடாதபடி பார்த்துக்கொண்டது என்பது குற்றச்சாட்டு. 2017 மார்ச்சில் அப்படிப்பட்ட தகவல் பரிமாற்றத்தைத் தடைசெய்யும் உடன்பாட்டுடன் வழக்கு முடிந்தது. சேனல் மட்டும் அப்போதும் டைரக்டிவியில் வரவில்லை.

இதற்கு ரசிகர்கள் கொடுத்த விலை சிறிதல்ல. 1950 முதல் 67 பருவங்கள் டாட்ஜர்ஸ் ஆட்டங்களை வர்ணனை செய்த வின் ஸ்கலி 2016-இல் ஓய்வு பெற்றார். அவருடைய கடைசிச் சில ஆண்டுகளின் குரலை அந்த வட்டாரத்தின் பெரும்பாலான வீடுகளில் தொலைக்காட்சி வழியே கேட்க இயலவில்லை. கடைசி ஆறு ஆட்டங்களை மட்டும் ஒரு உள்ளூர் இலவச நிலையம் காட்டியது. டைரக்டிவியுடன் உடன்பாடு ஏற்பட்டது 2020 ஏப்ரலில். தொற்றுநோயால் ஆட்டங்களே நடக்காமல் மைதானங்கள் பூட்டிக் கிடந்த நேரம் அது. ஆறு ஆண்டுப் பிடிவாதம் தளர்வதற்கு இதைவிடப் பொருந்தாத ஒரு மாதத்தைத் தேடியும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஹூஸ்டனில் இதே முயற்சி இன்னும் விரைவாகக் கவிழ்ந்தது. 2012-இல் அங்கு தொடங்கிய வட்டாரச் சேனலைக் காம்காஸ்ட் தவிரப் பெரிய நிறுவனம் எதுவும் எடுக்காததால், அடுத்த ஆண்டே அது திவால் நீதிமன்றத்துக்குப் போனது. 2013 செப்டம்பரில் ஒரு ஞாயிறன்று ஆஸ்ட்ரோஸ் அணியின் ஆட்டத்துக்கு, பார்வையாளர்களைக் கணக்கிடும் நீல்சன் நிறுவனம் பதிவு செய்த பார்வையாளர் வீதம் 0.0.

சேனல் நிறுத்தத்துக்கு நாள் குறிப்பதும் ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. 2010 மார்ச்சில் ஆஸ்கர் விழா நாளன்று ஏபிசி நிலையம் கேபிள்விஷனிலிருந்து நீங்கி, விழா தொடங்கிச் சில நிமிடங்கள் ஆனபின் திரும்பியது. அதே ஆண்டு அக்டோபரில் ஃபாக்ஸ் விலகியதால் பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டங்கள் 30 லட்சம் வீடுகளில் தெரியவில்லை. 2013-இல் டைம் வார்னருடன் ஒரு மாதம் மோதிய சிபிஎஸ், கால்பந்துப் பருவம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் சமாதானமானது. ஒப்பந்தங்கள் முடியும் தேதிகள் தற்செயலாக இந்த நாட்களில் அமைவதில்லை. ஆண்டில் எந்த வாரத்தில் தன் கை ஓங்கியிருக்கும் என்பதை முந்தைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே சேனல் தரப்பு கணித்து வைத்துவிடுகிறது.

கேபிள் நிறுவனங்கள் இதில் அப்பாவிகள் என்று கொள்ள வேண்டியதில்லை. 2010களின் நடுப்பகுதியில் வட்டார விளையாட்டுக் கட்டணம் என்ற தனி வரியை அவை மாத ரசீதில் சேர்த்தன. விளம்பரத்தில் ஒரு விலை, ரசீதில் அதற்கு மேல் இந்தக் கட்டணம் என்று ஆனது; விளையாட்டைப் பார்க்காதவரும் அந்த வரியை நீக்கச் சொல்ல முடியாது. சேனல்மீது பழிபோடவும், அறிவித்த விலையை ஏற்றாமலேயே ஏற்றவும் அது பயன்பட்டது. எல்லாம் அடங்கிய விலையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி விதி வகுத்தது 2024 மார்ச்சில்தான்.

விரும்பும் சேனலை மட்டும் வாங்கும் உரிமையைச் சட்டத்தால் கொடுத்துவிடலாம் என்ற யோசனை பழையது. எஃப்சிசி 2004-இல் வெளியிட்ட அறிக்கை, அப்படிச் செய்தால் பெரும்பாலான வீடுகளின் செலவு கூடும் என்றது. 2006-இல் அதே ஆணையம் முந்தைய அறிக்கையில் பிழைகள் இருப்பதாகக் கூறி மாற்றிச் சொன்னது. 2013-இல் செனட்டர் ஜான் மெக்கெயின் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. சட்டத்தால் முடியாததைச் சந்தாதாரர்களே செய்தார்கள் என்பது என் கணிப்பு. தொகுப்பைப் பிரிக்க வழியில்லாதபோது அவர்கள் தொகுப்பையே கைவிட்டார்கள்.

2011-இல் இஎஸ்பிஎன் 10 கோடி வீடுகளில் தெரிந்தது. 2024-இல் அது சுமார் 6.6 கோடியாகச் சுருங்கியது. 9 டாலர் வீதத்தில் பார்த்தால், இழந்த 3.4 கோடி வீடுகளின் மதிப்பு ஆண்டுக்கு 360 கோடி டாலருக்கு மேல். 2011-இல் இந்தக் கட்டணம் 5 டாலருக்கும் குறைவு. வீடுகள் குறையக் குறைய வீதத்தை ஏற்றித்தான் வருவாயைக் காத்தார்கள். அந்த ஏற்றம் மேலும் சிலரை வெளியே தள்ளியது. முதலில் வெளியேறியவர்கள் விளையாட்டைப் பார்க்காதவர்களாகவே இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். திரைப்படமும் தொடரும் மலிவான இணையச் சந்தாவில் கிடைத்தபின் அவர்களைத் தொகுப்பில் கட்டிவைக்க எதுவும் இல்லை. அதாவது, தேரின் எடை குறையவில்லை, வடம் பிடிப்பவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

வட்டாரச் சேனல்கள்தான் முதலில் சரிந்தன. 2019-இல் சின்கிளேர் நிறுவனம் டிஸ்னியிடமிருந்து 21 வட்டார விளையாட்டுச் சேனல்களைப் பெருங்கடனில் வாங்கியது. டிஷ் என்ற செயற்கைக்கோள் நிறுவனம் அவற்றை ஏற்கெனவே கைவிட்டிருந்தது. அடுத்த ஆண்டு, சேனல் தொகுப்புகளை இணையம் வழியே விற்கும் யூடியூப் டிவியும் ஹுலுவும் கைவிட்டன. ஓர் அணியின் ரசிகர் விலகுவாரே என்ற பழைய அச்சம் இப்போது யாரையும் அசைக்கவில்லை. 2023 மார்ச்சில், 800 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனுடன் அந்தச் சேனல்களை நடத்திய டயமண்ட் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. அந்த ஆண்டு மே இறுதியில் சான் டியாகோ பாட்ரேஸ் அணியின் ஒளிபரப்பைப் பேஸ்பால் கூட்டமைப்பே எடுத்து நடத்தும் நிலை வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று சார்ட்டர் நிறுவனத்தின் ஏறத்தாழ 1.47 கோடி வாடிக்கையாளர்களுக்கு டிஸ்னியின் சேனல்கள் நின்றன. முந்தைய மோதல்களில் மறைந்து கிடந்தது இதில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. டிஸ்னி கேட்ட வீத உயர்வைத் தான் ஏற்பதாகச் சார்ட்டர் அறிவித்தது. அது கேட்டது இரண்டு: எத்தனை பேருக்குச் சேனலைத் தர வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்த வேண்டும், டிஸ்னி தனியே விற்கும் இணையச் சேவைகளைத் தன் சந்தாதாரர்களுக்குக் கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும். கேபிள் வீடுகள் தரும் பணத்தில் தயாராகும் நிகழ்ச்சிகளை இணையத்தில் மலிவாக விற்று, அந்த வீடுகளையே கவர்ந்து இழுக்கிறீர்கள் என்பது அதன் வாதம். அதில் நியாயம் இருந்தது. செப்டம்பர் 11 அன்று, திங்கள் இரவுக் கால்பந்து ஆட்டம் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன், உடன்பாடு ஏற்பட்டது. டிஸ்னி பிளஸின் விளம்பரமுள்ள வடிவம் சார்ட்டரின் தொகுப்புக்குள் வந்தது. ஃப்ரீஃபார்ம், டிஸ்னி ஜூனியர் உட்பட எட்டுச் சிறிய சேனல்கள் வெளியேறின. ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றையும் எடு என்று 1993-இல் தொடங்கிய பேரம் முதன்முறையாகப் பெரிய அளவில் பின்வாங்கியது இங்கேதான்.

2024 செப்டம்பரில் டிஸ்னிக்கும் டைரக்டிவிக்கும் இடையே இரண்டு வாரம் நடந்த மோதலும் சிறிய தொகுப்புகளை விற்கும் உரிமைக்காகத்தான். அதன் விளைவாகப் பிறந்த விளையாட்டு மட்டுமே அடங்கிய தொகுப்பு 2025 ஜனவரியில் 69.99 டாலருக்கு வந்தது. 2025 அக்டோபர் இறுதியில் டிஸ்னியின் எதிரே நின்றது யூடியூப் டிவி. சந்தா வருவாயை நம்பி வாழும் கேபிள் நிறுவனத்துக்கும், கூகுள் என்ற பெருநிறுவனத்தின் ஒரு சிறு கிளைக்கும் தாங்குசக்தியில் வேறுபாடு உண்டு. கால்பந்துப் பருவத்தின் நடுவிலேயே இரண்டு வாரம் சேனல்கள் நின்றும் அது பதறாமல், சந்தாதாரர்களுக்கு 20 டாலர் கழிவு கொடுத்துச் சமாளித்தது. நவம்பர் 14 அன்றுதான் உடன்பாடு எட்டியது.

இதற்கிடையில் 2025 ஆகஸ்ட் 21 முதல் இஎஸ்பிஎன் கேபிள் இல்லாமலேயே நேரடியாக விற்பனைக்கு வந்தது. மாத விலை 29.99 டாலர். தொகுப்புக்குள் ஒவ்வொரு வீடும் கட்டிய தொகையைப் போல் இது ஏறத்தாழ மூன்று மடங்கு. இந்தச் சேவையில் கூடுதல் ஆட்டங்களும் அடக்கம் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைப்பது முழுக்கச் சரியாகாது. ஆனாலும் பார்க்காதவரின் பங்கு நீங்கினால் பார்ப்பவரின் பங்கு எந்த உயரத்துக்குப் போகும் என்பதைச் சந்தையே ஒருவாறு சொல்லிவிட்டது.

உரிமைகளின் விலை மட்டும் இறங்கவில்லை. 2023-இல் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட 100 ஒளிபரப்புகளில் 93 என்எஃப்எல் ஆட்டங்கள் என்பதால், விற்பவர் இறங்கி வரத் தேவையும் இல்லை. 2023 பருவம் முதல் நடப்பிலுள்ள 11 ஆண்டு ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 10,000 கோடி டாலரைத் தாண்டும். 2024-இல் கூடைப்பந்துக் கூட்டமைப்பு டிஸ்னி, என்பிசி, அமேசான் மூன்றுடனும் செய்துகொண்ட 11 ஆண்டு ஒப்பந்தம் ஏறத்தாழ 7,600 கோடி டாலர் மதிப்புடையது. என்எஃப்எல்லுக்குத் தன் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை 2029 பருவத்துக்குப் பின்னும், இஎஸ்பிஎன்னுடனான ஒப்பந்தத்தை அதற்கு அடுத்த ஆண்டும் முறித்துக்கொண்டு புதிய விலை கேட்கும் உரிமை இருக்கிறது. அந்த விலையைப் பரப்பிப் போடத் தொகுப்புக்குள் அப்போது எத்தனை வீடுகள் மிஞ்சியிருக்கும் என்ற கணக்கை டிஸ்னியும் அதன் எதிர்த்தரப்பும் இப்போதே போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.